பேர் வந்துச்சா?

(ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலனி இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நோட்டீசிலும் 'கவிஞர்' என்றுதான் போட்டிருக்கிறது. பேங்க் கிளார்க் என்று போட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. ஆனால் இன்றைக்கு நான் கிளார்க்காகத்தான் பேசப்போகிறேன். கவிதையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

எங்க அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. கபடி ஆடுகிறாள். பதினாலு நாளைக்கு முன்னால் ஒரு செலக்சனுக்குப் போய்விட்டு வந்தாள். 'லிஸ்ட் குரூப்ல போடுவோம்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குரூப் என்றால் வாட்ஸ்அப். வீட்டில் ஒரே ஒரு போன்தான். அது எங்க மாமாவுடையது. அவர் சென்ட்ரிங் வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவார். ராத்திரி எட்டு மணிக்கு அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் இவள் வாசலுக்கு ஓடுகிறாள். 'பேர் வந்துச்சாப்பா?' அவர் ஒன்றும் பேசுவதில்லை. சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கைகால் கழுவப் போய்விடுகிறார். அவளே பார்க்கட்டும் என்று. வரவில்லை என்று தன் வாயால் சொல்ல அவருக்கு மனசில்லை.

போன வாரம் அங்கே போயிருந்தபோது இதைப் பார்த்தேன். பார்த்ததும் 2003-ல் போய் நின்றுவிட்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு விசயத்துக்கு வருகிறேன்.

2003-ல் எனக்கும் பதினைந்து வயது. வேகப்பந்து போடுவேன். காலனிக்குப் பின்னால் ஏரி. கோடையில் வற்றிவிட்டால் அதுதான் எங்கள் மைதானம். எங்கள் பள்ளிக்கூடத்து பி.டி. சார் நம்ம ஆள் இல்லை, ஊர்க்காரர்தான். ஆனால் நல்ல மனுசன். 'மாவட்ட டீமுக்குப் பசங்கள எடுக்குறாங்க, போய்ட்டு வாடா' என்று சொல்லி பஸ்சுக்குக் காசும் கொடுத்தார். இதைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றிகெட்டவன்.

வெள்ளை டிரஸ் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். வெள்ளைச் சட்டை பள்ளிக்கூடத்துது இருந்தது. வெள்ளைப் பேண்ட்டுக்கு எங்கே போவது? எங்க தாய்மாமன் பேண்டு செட்டில் வாசிப்பார். அவருடைய யூனிபார்ம் பேண்ட் வெள்ளை. பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பட்டி. அம்மா ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியைப் பிரித்து எடுத்தார். பட்டி போய்விட்டது. தையல் போட்ட ஓட்டை ஓட்டையான தடம் போகவில்லை.

அங்கே நூற்றுக்கணக்கான பையன்கள். தோளில் கிட் மாட்டிக்கொண்டு, அப்பாக்களோடு காரில் ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர்கள். என் முதுகில் குத்திய தாளில் 87. ஃபாரம் வாங்கியவர் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு 'ஊருக்குள்ளயா, காலனியா?' என்றார். காலனி என்றேன். 'அப்பா என்ன பண்றார்?' கூலி என்றேன். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டாரா, சும்மா கேட்டாரா, எனக்குத் தெரியாது. ஃபாரத்தில் அந்தக் கேள்விகள் இல்லை. அது மட்டும் தெரியும்.

ஆளுக்கு ஆறு பந்து. அவ்வளவுதான். மூன்றாவது பந்தில் எதிரில் ஆடிய பையனின் ஸ்டம்பு விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். நோட்டுப் புத்தகம் வைத்திருந்தவர் அந்த நேரத்தில் டீ கிளாசை வாங்கிக்கொண்டிருந்தார். பார்த்தாரா பார்க்கவில்லையா? நோட்டில் எழுதினாரா? தெரியாது. 'லிஸ்ட் எப்ப சார் வரும்?' என்று கேட்டேன். 'செலக்ட் ஆனா போன் பண்ணுவோம், போ' என்றார்கள்.

ஃபாரத்தில் போன் நம்பருக்கு ஒரு கட்டம் இருந்தது. எங்கள் காலனியில் அன்றைக்கு யார் வீட்டிலும் போன் கிடையாது. ஊருக்குள் ஒரு மளிகைக்கடையில் இருந்தது. சாவுச் சேதி, பிரசவச் சேதி எல்லாம் அந்தக் கடை வழியாகத்தான் காலனிக்கு வரும். நானும் அந்த நம்பரைத்தான் எழுதினேன். மறுநாள் அம்மா கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். 'சாமி, புள்ளைக்கு ஒரு போன் வரும். வந்தா சொல்லியனுப்புங்க.'

அந்தக் கடைக்காரரை என்னவென்று கூப்பிடுவது என்பது அப்போது எனக்குப் பெரிய பிரச்சினை. ஊர்ப் பையன்கள் மாமா என்பார்கள், சித்தப்பா என்பார்கள். எங்கம்மா சாமி என்பார். முதலாவதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டாவதுக்கு எனக்கு வாய் வரவில்லை. அதனால் எதுவும் சொல்லாமல் நிற்பேன். அவராகப் பார்த்து 'என்னடா' என்று கேட்கிற வரைக்கும்.

சும்மா போய் நிற்க முடியுமா? ஏதாவது வாங்க வேண்டும். ஒரு நாள் ஒரு ரூபாய்க்கு டீத்தூள். ஒரு நாள் தீப்பெட்டி. ஒரு நாள், வீட்டில் உப்பு இருக்கும்போதே உப்பு. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, காசை எடுத்துக் கொடுத்தார். பதினோராம் நாள் கடைக்காரர் 'வந்தா சொல்ல மாட்டனா? தெனம் வந்து நிக்கிற' என்றார். அதட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதற்கப்புறம் நான் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து டீக்கடைப் பேப்பரில் மாவட்ட அணியின் படம் வந்தது. அதில் இரண்டு பேரை எனக்கு அடையாளம் தெரிந்தது. இரண்டு பேருமே என்னைவிட நன்றாகப் போட்டவர்கள். அதை செலக்சன் அன்றைக்கே என் கண்ணால் பார்த்தேன். மற்றவர்களைத் தெரியாது. அவர்களைவிட நான் மேலா, கீழா? இன்று வரைக்கும் தெரியாது.

வேலை கிடைத்த பிறகு ஒருமுறை ஊருக்குப் போனபோது அந்தக் கடைக்காரரிடமே கேட்டுவிட்டேன். இப்போதெல்லாம் என்னை 'வாங்க' என்கிறார். பேங்க் வேலை பண்ணுகிற வேலை அது. 'அப்ப எனக்கு ஏதாவது போன் வந்துச்சா?' என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். 'ஒரு தடவ வந்த மாதிரி ஞாபகம். யாரோ பையனக் கேட்டாங்க. கடையில கூட்டம். உங்களுக்கா, வேற யாருக்கான்னு தெரியல' என்றார்.

தோழர்களே, இதை நான் சாதி என்று சொல்வதா, மறதி என்று சொல்வதா?

அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்று ஒரு சிறிய நூல் எழுதியிருக்கிறார். அதில் முதல் சம்பவமே ஒரு காத்திருப்புதான். 1901-ஆம் வருசம். சிறுவன் பீமராவும் அண்ணனும் அக்கா வீட்டுப் பையனுமாக கோரேகாவில் இருக்கிற அப்பாவைப் பார்க்க சதாராவிலிருந்து ரயில் ஏறுகிறார்கள். அப்பா அங்கே காசாளர், என்னை மாதிரி பணம் எண்ணுகிற வேலை. வருகிறோம் என்று முன்கூட்டியே கடிதம் போட்டாயிற்று. மசூர் ஸ்டேசனில் இறங்கிக் காத்திருக்கிறார்கள். யாரும் வரவில்லை. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஸ்டேசன் மாஸ்டரின் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரண்டு மடங்கு வாடகை பேசி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் இல்லை. கடிதம் என்ன ஆயிற்று? ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. அதை வாங்கிய வேலையாள் அப்பாவிடம் கொடுக்க மறந்துவிட்டான்.

மறதி எல்லோருக்கும்தான் வருகிறது. ஆனால் யாருடைய மறதி யாருடைய தலையில் விடிகிறது என்பதில் சாதி இருக்கிறது. ஒரு மேல்சாதிப் பையனின் கடிதம் மறந்துபோயிருந்தால் அவன் ஸ்டேசன் மாஸ்டர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பான். ஊருக்குள் இருக்கிற பையனுக்குப் போன் வந்திருந்தால் கடைக்காரர் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருப்பார். காலனிக்கு ஒரு குரல் எட்டாது. ஆள் அனுப்ப வேண்டும். சேதி ஊர் வழியாகத்தான் சேரிக்கு வரும் என்று இருக்கிற வரைக்கும் யாரும் தனியாகத் துரோகம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். ஒருவேளை போனே வராமல் இருந்திருக்கலாம். ஒருவேளை நான் நிஜமாகவே நன்றாகப் போடாமல் இருந்திருக்கலாம். அப்படி யாராவது சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பி.டி. சாரிடம் ஓடியிருப்பேன். என்ன குறை என்று கேட்டுத் திருத்தியிருப்பேன். அடுத்த வருசமும் போயிருப்பேன். யாரும் சொல்லாததால் நான் பந்தையே விட்டேன். இன்னும் ஒன்றும் நடந்தது. அன்றிலிருந்து எங்கே எது கிடைக்கவில்லை என்றாலும் 'சாதியாலதானா?' என்று ஒரு கேள்வி உள்ளே ஓட ஆரம்பித்தது. சில சமயம் அது சரி. சில சமயம் தப்பு. எது எப்போது என்று கண்டுபிடிக்க என்னிடம் எந்தத் தாளும் இல்லை.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். காரணம் சொல்லாத இடத்தில் சாதியை நிரூபிக்கவும் முடியாது, இல்லை என்று சாதிக்கவும் முடியாது. அந்த இருட்டு தேர்வு செய்கிறவனுக்கு வசதி. காத்திருக்கிற பிள்ளைக்கு அது நஞ்சு.

இப்போது கிளார்க் பேசுகிறேன். எங்கள் பேங்கில் ஒரு செக் வருகிறது. பாஸ் பண்ண முடியவில்லை. சும்மா திருப்பிக் கொடுத்துவிட முடியாது. ரிட்டர்ன் மெமோ என்று ஒரு தாள் வைக்க வேண்டும். கணக்கில் பணம் போதவில்லை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை, தேதி கடந்துவிட்டது, இப்படி எதனால் திரும்பியது என்று அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் அவர் கேஸ் போடலாம், திருத்தி மறுபடி கொண்டுவரலாம். ஐந்நூறு ரூபாய் செக்காக இருந்தாலும் இதுதான் முறை. ஒரு காகிதத்தைத் திருப்பி அனுப்பவே காரணம் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறார்கள், வாய் வார்த்தைகூட இல்லை.

உடனே ஒரு பதில் வரும். 'விளையாட்டு வேற சார். திறமைய மார்க் போட்டு அளக்க முடியாது. அனுபவப்பட்ட கண்ணுக்குத்தான் தெரியும்.' சரி. ஓட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, தாண்டுதலுக்கு டேப் இருக்கிறது, கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் கண்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண் பார்க்கட்டும். பார்த்ததை எழுதட்டும் என்கிறேன். 'கால் வேகம் போதாது', 'தொட்டுவிட்டுத் திரும்புவதில் தயக்கம்', 'பந்து நேர்கோட்டில் வரவில்லை'. ஒரு வரி. அனுபவப்பட்ட கண்ணுக்கு ஒரு வரி எழுதத் தெரியாதா?

1990-ல் வி.பி. சிங் மண்டல் பரிந்துரையை நடைமுறைப்படுத்தப் போகிறேன் என்று அறிவித்ததும் 'தகுதி, திறமை' என்று கூச்சலிட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாணவர்கள் நீங்கள் படித்திருப்பீர்கள். நம் பிள்ளைகள் ஒரு பரீட்சை எழுதினால் ஒவ்வொரு மார்க்கும் எண்ணப்படுகிறது. நான் பேங்க் பரீட்சை எழுதியபோது என் மார்க் வந்தது, எஸ்.சி. கட்-ஆஃப் வந்தது, பொதுப்பிரிவு கட்-ஆஃப் வந்தது. எஸ்.சி. கட்-ஆஃப் எவ்வளவு என்று எங்கள் பிராஞ்சில் என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் உண்டு. ஆனால் மைதானம் என்று வந்துவிட்டால் மார்க்கும் கிடையாது, கட்-ஆஃபும் கிடையாது. தகுதி தகுதி என்று சொல்கிறவர்கள் தகுதிக்கு மார்க் ஷீட் கேட்காத இடம் அது.

'லிஸ்ட்டுல சாதி எங்கய்யா இருக்கு, வெறும் பேர்தானே' என்பார்கள். பெயரைச் சாதியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் நிறைய. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கடாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். சில நாளில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. ஹரித்வார் பக்கத்தில் அவருடைய வீட்டுக்கு வெளியே பட்டாசு வெடித்தார்கள். டீமில் தலித்துகள் அதிகமானதால்தான் தோற்றது என்று திட்டியதாகக் குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். போலீஸ் வழக்குப் பதிந்தது. தோற்ற அன்றைக்குப் பட்டியலைச் சாதிவாரியாக எண்ணுகிற ஆட்கள் தேர்வு அன்றைக்கு மட்டும் எண்ணமாட்டார்கள் என்று நாம் நம்ப வேண்டுமாம்.

பல்வங்கர் பாலுவின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். சமார் சாதியில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தில் தரை பராமரிக்கிற வேலை. அவர்களுக்குப் பந்து போட்டுப் போட்டே பெரிய பந்துவீச்சாளர் ஆனார். பந்து போட விட்டார்கள், டீ மட்டும் வெளியே தனியாக மண்குவளையில். 1911-ல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர்தான். பம்பாயில் இந்துக்கள் அணிக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. ஆனாலும் கேப்டன் பட்டம் அவருக்கு வரவே இல்லை. 1923-ல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் வந்தது. அத்தனை வருசக் காத்திருப்புக்கு யாரும் 'நீ சமார், அதனால்தான்' என்று எழுதிக் கொடுத்தார்களா? எழுதியிருந்தால் அன்றைக்கே சண்டை வந்திருக்கும். அதனால்தான் எழுதுவதில்லை.

காரணம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. பேசில் டி'ஒலிவெரா. கேப்டவுனில் பிறந்தவர். நிறத்தால் அங்கே ஆட இடமில்லாமல் 1960-ல் இங்கிலாந்து போய், அந்த நாட்டு அணியில் இடம் பிடித்தவர். 1968 ஆகஸ்ட்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஓவல் மைதானத்தில் 158 ரன். அடுத்த சுற்றுப்பயணம் தென்னாப்பிரிக்காவுக்கு. சில நாளில் பட்டியல் வந்தது. அவர் டிரஸ்ஸிங் ரூமில் ரேடியோ பக்கத்தில் காத்திருந்து கேட்டார். அவர் பெயர் இல்லை. 158 அடித்த மனுசன் உடைந்து அழுதார். ஆட்டத்தைப் பார்த்துத்தான் எடுத்தோம் என்றார்கள் தேர்வாளர்கள். ஊர் நம்பவில்லை, ஏன் ஏன் என்று கேட்டது. அடுத்த மாதம் ஒரு ஆட்டக்காரர் காயத்தால் விலக, இவரைச் சேர்த்தார்கள். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் இந்த அணியை ஏற்கமாட்டோம் என்றார். பூனை வெளியே வந்துவிட்டது. பயணம் ரத்து. 1970-க்குப் பிறகு 1991 வரைக்கும் நிறவெறி தென்னாப்பிரிக்காவோடு எந்த நாட்டு அணியும் அதிகாரபூர்வமாகக் கிரிக்கெட் ஆடவில்லை. ஒரு பட்டியலுக்குக் காரணம் கேட்டதில் தொடங்கிய சங்கதியும் அதில் உண்டு.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்கிற கதை மைக்கேல் ஜோர்டானுடையது. 1978-ல் பதினைந்து வயதில், அமெரிக்காவில் வில்மிங்டன் நகரத்துப் பள்ளிக்கூடத்தில், பெரிய அணிக்கான பட்டியலில் அவர் பெயர் இல்லை. வீட்டுக்குப் போய் அழுதார். பிறகு உழைத்தார், உலகத்தையே ஜெயித்தார். 'பார், நீயும் உழை' என்று முடிப்பார்கள். அதில் ஒரு பாதியை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவதாக ஒரு அணி இருந்தது. பெரிய அணியில் இடமில்லாத ஜோர்டானை அதில் போட்டார்கள். அந்த வருசம் பூராவும் அவர் ஆடினார். கோச் இருந்தார், பந்து இருந்தது, ஆட்டம் இருந்தது. நம்ம பிள்ளைக்குப் பெயர் வரவில்லை என்றால் அடுத்த நாள் என்ன இருக்கிறது? ஏரிக்கரைதான் இருக்கிறது. உழைப்பு பற்றி நமக்குப் பாடம் எடுப்பவர்கள் முதலில் அந்த இரண்டாவது அணியைக் கொண்டுவரட்டும்.

இதுவரைக்கும் அவர்களைப் பற்றிப் பேசினேன். கை தட்டினீர்கள். இனிமேல் நம்மைப் பற்றி. இதற்குக் கை தட்ட வேண்டாம்.

ஒவ்வொரு ஏப்ரல் 14-க்கும் எங்கள் காலனியில் டோர்னமெண்ட் நடக்கும். ஒரு வருசம் நான்தான் செலக்டர். படித்தவன், நியாயமாக இருப்பான் என்று விட்டார்கள். பதினோரு பேர் எழுதினேன். எங்கள் காலனி ஓரத்தில் ஒரு புதிரை வண்ணார் குடும்பம் இருக்கிறது. நமக்குத் துணி வெளுத்தவர்கள், நம் சாவுக்குச் சடங்கு செய்தவர்கள். அந்த வீட்டுப் பையன் நன்றாக ஆடுவான். அவன் பெயரை நான் எழுதவில்லை. எங்க பெரியப்பா பேரனை எழுதினேன். இந்தப் பையன் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நாள் மைதானத்துக்கு வந்தான். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் மளிகைக்கடை முன்னால் நின்ற மாதிரியே நின்றான் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது.

ஆறாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். 'தம்பி, உன் ஃபீல்டிங் கொஞ்சம் சரியில்ல, அதான்' என்றேன். 'சரிண்ணா' என்றான். அவன் அம்மா என்னை உட்காரச் சொல்லித் துண்டால் திண்ணையைத் துடைத்தார். சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் சொன்னது பொய். அவன் ஃபீல்டிங்கில் குறை ஒன்றும் இல்லை. பெரியப்பா வீட்டுச் சண்டை வேண்டாம் என்பதும், இவர்கள் எங்கே கேட்கப்போகிறார்கள் என்பதும்தான் காரணம். இரண்டாவது காரணத்துக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். இந்தச் சபையில் அதற்குப் பெயர் வைப்பதற்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுவும் சாதிதான்.

பட்டியல் எழுதிய அன்றைக்கே, ஒவ்வொரு பையனையும் கூப்பிட்டு முகத்துக்கு நேரே காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால் நான் அவன் பெயரை விட்டிருக்கமாட்டேன். என் யோக்கியத்தால் இல்லை, வெட்கத்தால். சொல்ல வேண்டும் என்று வந்தால்தான் நமக்கே நம் காரணம் தெரிகிறது. மறுநாள் டீமை மாற்றினேன். பெரியப்பா வீட்டில் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. இன்னொன்றும் உண்டு. அந்த டோர்னமெண்ட்டில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு ஆட்டம்கூட இல்லை. எங்க அக்கா மகள் கோடு போட சுண்ணாம்பு எடுத்துக் கொடுத்தாள். அதற்கு நான் இன்னும் யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

அதனால் தோழர்களே, முதலில் நம் காலனி அணிகளில் இருந்து ஆரம்பிப்போம். செலக்சனுக்கு முன்னாலேயே என்ன பார்ப்போம் என்று எழுதி ஒட்டுவோம். எந்தத் தேதியில், எங்கே பட்டியல் வரும் என்று சொல்வோம். அந்தத் தேதியைத் தாண்டக் கூடாது. எடுக்காத பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம். ஆணுக்கு ஒரு பட்டியல் என்றால் பெண்ணுக்கும் ஒரு பட்டியல். இதற்கு எந்த அரசாங்கத்தின் அனுமதியும் தேவையில்லை.

அப்புறம் வெளியே கேட்போம். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(d). ஒரு அரசு அமைப்பு தன் நிர்வாக முடிவுக்கான காரணத்தை அதனால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 2011-ல் உச்ச நீதிமன்றம், பரீட்சை எழுதியவர் தன் திருத்திய விடைத்தாளைப் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. மைதானத்தில் நம் பிள்ளை போட்ட ஆறு பந்தும், போன ரெய்டும் அவளுடைய, அவனுடைய விடைத்தாள்தான். அதைத் திருத்திய நோட்டைக் காட்டு என்று நாம் கேட்கலாம். அரசுப் பள்ளி, அரசு விளையாட்டு விடுதி, அரசு நடத்துகிற போட்டி என்றால் இந்தச் சட்டத்தில் மனுப் போடலாம். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். தனியார் கிளப்புக்கு இந்தச் சட்டம் நேராகப் பொருந்தாது. அங்கே அப்பா அம்மாக்கள் பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்பதுதான் வழி.

செலக்சனுக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். முடிந்ததும் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பந்து, எத்தனை ரெய்டு, எத்தனை பாயிண்ட், எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன கேள்வி கேட்டார்கள். என்னிடம் அந்தத் தாள் இல்லை. ஆறு பந்தில் மூன்றாவது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மற்ற ஐந்தும் எப்படிப் போயின என்று எனக்கே தெரியவில்லை. அவை மோசமாகவும் போயிருக்கலாம். உங்கள் குறையும் உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும். அப்போதுதான் அடுத்தவன் சொல்கிற காரணம் நிஜமா பொய்யா என்று பார்க்க முடியும்.

எங்க அக்கா மகள் எழுதி வைத்திருக்கிறாள். ஏழு ரெய்டு, நாலு பாயிண்ட், ஒரு தடவை பிடிபட்டாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று ராத்திரி வரைக்கும் பட்டியல் வரவில்லை. நாளைக்கு அக்கா பெயரில் மனுப் போடுகிறோம். அவளே எழுதினாள், நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன். அதை நாற்பது ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டிருக்கிறது. வெளியே செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மேசையில் இருக்கிறது. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.

ஜெய்பீம்.